கை பழுக்கவில்லை என்றால் தடுப்பூசி பிடிக்கவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 61. திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவன். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை குத்திய தழும்பு இரண்டு, இடது மேல்கையில் காசு அளவுக்கு இருக்கின்றன. 1973இல் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து எல்லோருக்கும் மறுபடியும் குத்தினார்கள். எனக்கு மறுநாளே சிவந்து நமைச்சல் எடுத்தது. நான்காம் நாள் அடங்கிவிட்டது, தழும்பும் விழவில்லை. "உனக்குப் பிடிக்கலைடா" என்றார் அப்பா. இப்போது 27 வயதாகும் என் மகள் அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வாக்சினியா வைரஸோடு வேலை செய்கிறாள். அதற்காகப் பெரியம்மைத் தடுப்பூசியின் முதல் டோஸை இரண்டு வாரங்களுக்கு முன் போட்டிருக்கிறார்கள். சின்னக் கொப்புளம்கூட வரவில்லை. அவளுடைய ஆய்வுக்கூடத் தலைவர் என் வயதுக்காரர். பத்து வருடங்களுக்கு முன் பழைய மாதிரி ஊசியால் குத்திக்கொண்டபோது ஒரு பருவோடு நின்றுவிட்டதாம். அதே நாளில் முதல்முறையாகக் குத்திக்கொண்ட ஒரு இளைஞர் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டாராம். ஏன் இந்த வித்தியாசம்? மகளுக்குப் போட்ட ஊசி வேலை செய்ததா? ஐம்பது வருடத்துக்கு முந்தைய என் தடுப்பூசிக்கு இன்னும் பலன் இருக்கிறதா, அல்லது குரங்கம்மைக்காக நானும் இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டுமா? என் தம்பி 1982இல் பிறந்தவன். அவன் கையிலும் தழும்பு இருக்கிறது. அவனுக்கும் பாதுகாப்பு உண்டா?

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் உங்கள் மனதை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். மகளின் கையில் கொப்புளம் வராததில் ஒரு தவறும் இல்லை. அவளுக்குப் போட்டிருப்பது கொப்புளமே எழுப்பாத வகை. உங்கள் கையில் 1973இல் நடந்தது வேறு கதை. அதற்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு, அதைச் சற்று விரிவாகத்தான் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத் தலைவருக்கு ஒரு பருவோடு நின்றதும், அந்த இளைஞர் படுக்கையில் விழுந்ததும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள்.

பெரியம்மைத் தடுப்பூசியில் இருப்பது பெரியம்மைக் கிருமி இல்லை. அதன் உறவுக்கார வைரஸான வாக்சினியா. உங்கள் மகள் வேலை செய்வதும் இதனோடுதான். 1796இல் எட்வர்ட் ஜென்னர் பால் கறக்கும் பெண்ணின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்து ஒரு சிறுவனுக்குக் குத்திய நாளிலிருந்து இந்த முறையின் சாரம் மாறவில்லை: உயிருள்ள வைரஸைத் தோலில் விதைக்கிறோம், அது அங்கேயே வளர்கிறது, உடல் அதை அடக்கக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொண்டது பெரியம்மைக்கும் குரங்கம்மைக்கும் மாட்டம்மைக்கும் சேர்த்தே உதவுகிறது. இந்த வைரஸ்கள் ஒரே குடும்பம், அவற்றின் புரதங்களில் பெரும்பகுதி பொதுவானவை.

அந்த இளைஞரின் கையில் என்ன நடந்திருக்கும்? இருமுனை ஊசியின் கவையில் ஒரு துளி மருந்தை ஏந்தி, ஒரே இடத்தில் பலமுறை வேகமாகக் குத்துவார்கள். வைரஸ் மேல்தோல் செல்களுக்குள் புகுந்து பெருகத் தொடங்கும். அவர் உடலுக்கு அது முன்பின் தெரியாத ஆள். முதல் இரண்டு மூன்று நாள் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு சின்னப் பரு. ஆறாம் நாள் வாக்கில் நீர் கோத்த கொப்புளம். எட்டிலிருந்து பத்தாம் நாளுக்குள் அது நடுவில் குழிந்த சீழ்க் கொப்புளமாகப் பழுக்கும், சுற்றிலும் கை சிவந்து வீங்கும், அக்குளில் நெறி கட்டும், காய்ச்சல் வரும். அந்த உச்ச நாட்கள் வைரஸின் வெற்றியைக் காட்டுபவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உடலின் படை வந்து சேர்ந்ததன் அடையாளம். அக்குளில் கட்டிய நெறியில் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் இந்த வைரஸை அடையாளம் கண்டு, ஒன்று பலவாகப் பெருகி, ரத்தத்தில் ஏறி, கைக்கு வந்து, வைரஸ் குடியேறிய செல்களைத் தேடிக் கொல்கின்றன. வீக்கமும் வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் அந்தச் சண்டையால் வருபவை. இந்த டி செல்களின் எண்ணிக்கை ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய இரண்டாம் வார முடிவில். ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்கள் பத்து நாளைக்கு மேல்தான் ரத்தத்தில் தென்படும், உச்சத்துக்கு வர நான்கு வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் பொருக்கு உதிரும், தழும்பு மிஞ்சும்.

வயது வந்தவருக்கு முதல்முறை குத்தினால் இது லேசான அனுபவமாக இருப்பதில்லை. 2002இல் அமெரிக்காவில் 18 முதல் 32 வயதுக்குள்ளான, இதுவரை குத்திக்கொள்ளாத 680 பேருக்குப் பழைய கையிருப்பு மருந்தைக் குத்திப் பார்த்தார்கள். மருந்தைப் பத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்தும் 97 சதவீதத்துக்கு மேல் கை பழுத்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் வேலைக்கோ படிப்புக்கோ போகமுடியாமல், அல்லது தூக்கம் கெட்டு, அவதிப்பட்டார்கள். அந்த இளைஞர் மூன்று நாள் படுத்ததில் அதிசயம் இல்லை.

சரி, ஆய்வுக்கூடத் தலைவருக்கு ஏன் ஒரு பருவோடு நின்றது? சிறுவயதில் குத்திக்கொண்டவரின் உடலில் மூன்று வகையான மிச்சம் இருக்கும். ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடி ஒன்று. அதை எலும்பு மஜ்ஜையில் இருந்துகொண்டு பல ஆண்டுகள் தயாரித்துக்கொண்டே இருக்கிற செல்கள் உண்டு. இரண்டாவது, நினைவு பி செல்கள். இவை ஆன்டிபாடி தயாரிக்காமல் காத்திருப்பவை, வைரஸை மறுபடி பார்த்ததும் சில நாட்களில் பெருகித் தயாரிக்கத் தொடங்கும். மூன்றாவது, நினைவு டி செல்கள். இரண்டாவது முறை வைரஸ் தோலில் விழும்போது இந்த மூன்றும் தயாராக இருக்கின்றன. ஆன்டிபாடி பத்து நாள் காத்திருக்காமல் ஒரு வாரத்துக்குள் ஏறத் தொடங்குகிறது. டி செல்கள் வைரஸ் பரவும் முன்பே கைக்கு வந்துவிடுகின்றன. கொப்புளம் சின்னதாகி, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, சீக்கிரம் ஆறிவிடுகிறது. காய்ச்சல் வராமலே போகலாம். பழைய மருத்துவர்கள் இதை முந்தி வரும் எதிர்வினை என்று தனியாகவே குறித்துவைத்தார்கள். ஒருவர் கையில் கொப்புளம் எவ்வளவு சீக்கிரம் வந்து எவ்வளவு சீக்கிரம் போயிற்று என்பதை வைத்தே அவர் உடலில் பழைய நினைவு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒருவாறு கணிக்க முடிந்தது. ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்தில் அது எத்தனை நுட்பமான கவனிப்பு என்று எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு உண்டு. மிச்சமிருக்கும் ஆன்டிபாடி மிக அதிகமாக இருந்தால், அது விதைத்த வைரஸையே முளைக்கவிடாமல் செய்துவிடும். வைரஸ் வளரவில்லை என்றால் உடலுக்குப் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை, ஊக்கமும் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால்தான் ஏற்கெனவே குத்திக்கொண்டவர்களுக்குக் கூடுதல் தடவை குத்தும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது: முதல்முறைக்கு மூன்று குத்து, மறுமுறைக்குப் பதினைந்து. இந்தியாவில் ஒழிப்புத் திட்டம் தீவிரமானபோது எல்லோருக்கும் பதினைந்து என்று வைத்துவிட்டார்கள். கிராமத்தில் யாருக்கு முதல்முறை, யாருக்கு மறுமுறை என்று விசாரித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இப்போது 1973க்கு வருவோம். மறுநாளே சிவந்து நமைத்து, நான்காம் நாள் அடங்கியது என்கிறீர்கள். இந்த வேகமான எதிர்வினையை ஒரு காலத்தில் "நோய் எதிர்ப்பு இருப்பதன் அடையாளம்" என்று எடுத்துக்கொண்டு, குத்தியது வெற்றி என்றே பதிவேட்டில் எழுதினார்கள். பிறகுதான் தெரிந்தது, சூட்டில் செத்துப்போன மருந்தைக் குத்தினாலும், முன்பு குத்திக்கொண்டவர் கை இதே மாதிரி சிவந்து நமைக்கும் என்று. உடல் வைரஸின் புரதத்தை அடையாளம் கண்டு ஒவ்வாமைபோலக் காட்டும் எதிர்வினை அது. வைரஸ் உயிரோடு இருந்து, உங்கள் உடல் அதை உடனே அடக்கியிருக்கலாம். அல்லது பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும் முன்பே மருந்து வெயிலில் செத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1964இல் பழைய பெயர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு இரண்டே வகை வைத்தது. ஆறிலிருந்து எட்டாம் நாளுக்குள் பார்க்கும்போது கொப்புளமோ, தடித்த புண்ணோ இருந்தால் பெரிய எதிர்வினை, அதாவது பிடித்தது. மற்ற எல்லாமே சந்தேகத்துக்குரியவை, மறுபடியும் குத்த வேண்டும்.

ஆக, உங்கள் அப்பா சொன்னது தவறு என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் அது சந்தேகப் பட்டியலில்தான் சேரும். இதைச் சொல்லும்போது அந்த நாளின் அம்மை குத்துபவர்களைக் குறைசொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. சித்திரை வெயிலில் சைக்கிளில் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் அவர்கள். திரவ மருந்து அந்தச் சூட்டைத் தாங்காது என்பதுதான் பெரிய பிரச்சினை. 1950களில் லண்டனில் லெஸ்லி காலியர் உறைய வைத்து உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்திய பிறகுதான் வெப்பத்தைத் தாங்கும் மருந்து கிடைத்தது. நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் அந்த உலர் மருந்தைத் தயாரித்த இடங்களில் ஒன்று. என் அம்மாவின் இடது கையிலும் உங்களுடையது போலவே இரண்டு தழும்புகள் இருந்தன. சின்ன வயதில் அவற்றின் குழியில் விரலை வைத்துப் பார்ப்பேன். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அந்தத் தழும்பும் ஒரு காரணம் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால், 1973இல் நடந்தது சந்தேகமாக இருந்தாலும் கைக்குழந்தையில் குத்தியதில் சந்தேகமே இல்லை. காசு அளவுத் தழும்பு என்பது அப்போது வைரஸ் வளர்ந்தது, உடல் அதை அடக்கியது என்பதற்கான சாட்சி.

அது இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? அமெரிக்காவின் ஒரேகான் மாநில ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. 25 முதல் 75 ஆண்டுகளுக்கு முன் குத்திக்கொண்டவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆன்டிபாடியோ டி செல்லோ, அல்லது இரண்டுமோ, கணிசமாக மிச்சமிருந்தது. இதில் ஆன்டிபாடி கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றது. டி செல்கள் மட்டும் 8 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்தன. அதே குழு பிறகு 45 பேரின் ரத்தத்தை 26 ஆண்டுகள் வரை தொடர்ந்து அளந்தது. வாக்சினியாவுக்கு எதிரான ஆன்டிபாடி பாதியாகக் குறைய 92 ஆண்டுகள் ஆகும் என்று 2007இல் கணக்கிட்டார்கள். ரணஜன்னித் தடுப்பூசியின் ஆன்டிபாடி 11 ஆண்டில் பாதியாகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நினைவு பி செல்களும் ஆரம்பத்தில் குறைந்து, பிறகு ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரே அளவில் நிற்பதை வேறொரு குழு கண்டது. இன்னொன்றும் தெரிந்தது. பலமுறை குத்திக்கொண்டவர்களின் ஆன்டிபாடி, நீண்டகாலக் கணக்கில், ஒரே தடவை குத்திக்கொண்டவர்களைவிடப் பெரிதாக உயர்ந்து நிற்பதில்லை. மறுமுறை குத்தும்போது ஏறுவது, சில காலத்தில் பழைய மட்டத்தை நோக்கி இறங்கிவிடுகிறது. ஆகவே 1973இல் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் இன்றைக்கு உங்கள் ரத்தத்தில் அதனால் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்பா சொன்னதை நினைத்து இத்தனை காலம் கவலைப்பட்டிருந்தால், அதை இப்போது இறக்கி வைத்துவிடலாம்.

அப்படியானால் அந்தக் காலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏன் குத்தச் சொன்னார்கள்? வெளிநாட்டுப் பயணத்துக்கான தடுப்பூசிச் சான்றிதழ்கூட மூன்று ஆண்டுதானே செல்லும் என்று உங்கள் தலைமுறையினர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரத்தத்தில் இருப்பதும், நோயே வராமல் தடுப்பதும் ஒன்றல்ல. பெரியம்மை தொற்றாமல் தடுக்கும் வலிமை சில ஆண்டுகளில் தேயத் தொடங்கிவிடும். உயிரைக் காக்கும் வலிமை பல ஆண்டுகள் நிற்கும். 1950இலிருந்து 1971வரை ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் வெளியிலிருந்து வந்து பரவிய பெரியம்மை நோயாளிகளின் கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். குத்திக்கொள்ளாதவர்களில் 52 சதவீதம் இறந்தார்கள். பத்து ஆண்டுக்குள் குத்திக்கொண்டிருந்தும் நோய் வந்தவர்களில் இறந்தது 1.4 சதவீதம். இருபது ஆண்டுக்கு மேல் ஆனவர்களில் 11 சதவீதம். கடைசி எண்ணைப் பாருங்கள். இருபது ஆண்டு கழித்தும் சாவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து நிற்கிறது, ஆனாலும் நோய் வந்திருக்கிறது, சிலர் இறந்துமிருக்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கும் உண்டு. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் பெரியம்மை நோயாளிகளை வருடக்கணக்கில் ஒவ்வொருவராகப் பதிவுசெய்தார். அவர் பதிந்த 6,942 பேரில், குத்திக்கொள்ளாத 3,544 பேரில் 35.5 சதவீதம் இறந்தார்கள். எப்போதாவது குத்திக்கொண்டிருந்த 3,398 பேரில் 6.3 சதவீதம். உலகில் பெரியம்மையைப் பற்றிப் பேசும் யாரும் இன்றும் அந்தச் சென்னைக் கணக்கைத் தாண்டிப் போக முடியாது. இதை நம்மவர்களில் நிறையப் பேர் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

காப்பது ஆன்டிபாடியா, டி செல்லா என்று உங்கள் மகள் கேட்கக்கூடும், அவள் துறை அது. இதற்கான பதிலிலும் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 1961இல் வெளியான ஆய்வில், ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் குழுவினரும், சென்னையில் பெரியம்மை நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அம்மை குத்தியதோடு, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆன்டிபாடி நிறைந்த புரதத்தையும் ஊசியாகப் போட்டார்கள். ஆன்டிபாடி பெற்ற 326 பேரில் 5 பேருக்கே நோய் வந்தது. பெறாத 379 பேரில் 21 பேருக்கு. ஆன்டிபாடி காக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் பிறவியிலேயே ஆன்டிபாடி தயாரிக்க முடியாத குழந்தைகளுக்குத் தெரியாமல் அம்மை குத்தியபோது பலர் வழக்கம்போலவே தேறினார்கள். டி செல் பழுதுள்ள குழந்தைகளுக்கோ குத்திய புண் ஆறவே ஆறாமல் உடலெங்கும் அரித்துக்கொண்டு போனது. தோலில் வளரும் வைரஸைத் துடைத்தெடுக்க டி செல் வேண்டும், வெளியிலிருந்து வரும் வைரஸை வாசலில் மறிக்க ஆன்டிபாடி வேண்டும். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

முதல்முறைக்கும் மறுமுறைக்கும் உள்ள வித்தியாசம் பாதுகாப்பில் மட்டுமில்லை, ஆபத்திலும் உண்டு. 2002 டிசம்பரில் அமெரிக்கா தன் ராணுவத்தினருக்கு மறுபடி அம்மை குத்தத் தொடங்கியது. முதல்முறையாகக் குத்திக்கொண்ட 2,30,734 பேரில் 18 பேருக்கு இதயத் தசையிலோ அதன் உறையிலோ அழற்சி வந்தது. ஏற்கெனவே குத்திக்கொண்டிருந்த 95,622 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு வந்த, செல் வளர்ப்பில் தயாரித்த மருந்தின் சோதனையில் இந்தப் பிரச்சினையைத் தேடிப் பார்த்தபோது, முதல்முறையாளர்களில் 175 பேருக்கு ஒருவர் என்ற அளவில் தென்பட்டது. அப்புறம், குத்திய புண்ணில் உயிருள்ள வைரஸ் இருக்கும். தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினால் கண்ணுக்குப் போகும், வீட்டில் கரப்பான் என்ற தோல்நோய் உள்ள குழந்தை இருந்தால் அதற்கும் தொற்றும். 2007இல் அமெரிக்காவில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த ராணுவத் தந்தையிடமிருந்து இப்படித் தொற்றி, உயிருக்குப் போராடிப் பிழைத்தான். வைரஸ் அதிகம் வளர்வதும் அதிக நாள் வெளிப்படுவதும் முதல்முறையாளர்களிடம்தான்.

இந்தக் காரணங்களால்தான் உங்கள் மகளுக்கு வேறு மருந்து. ஜெர்மனியில் அன்டன் மாயர் என்ற அறிஞர், வாக்சினியாவைக் கோழிக்கரு செல்களில் 500 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். அதில் அது தன் மரபுப் பொருளில் ஒரு பகுதியை இழந்து, மனிதச் செல்லுக்குள் புகுந்தாலும் பெருக முடியாத வைரஸாகிவிட்டது. 1970களிலேயே அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அதைப் போட்டார்கள். அதிலிருந்து வந்ததுதான் எம்விஏ-பிஎன் என்கிற இன்றைய ஊசி. தோலைக் கீறாமல் தோலுக்கு அடியில் சாதாரண ஊசியாகப் போடுவார்கள். வைரஸ் பெருகாததால் கொப்புளம் இல்லை, பொருக்கு இல்லை, தழும்பு இல்லை, வீட்டில் யாருக்கும் தொற்றாது. போட்ட இடம் இரண்டு மூன்று நாள் வலித்து, சிவந்து, கட்டியாக இருக்கும். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு விலை உண்டு. பெருகாத வைரஸ் உடலுக்குக் கற்றுத்தர நாட்கள் குறைவு, அதனால் ஒரு டோஸ் போதாது. முதல்முறையாளரான உங்கள் மகளுக்கு இப்போது ஆன்டிபாடி எழும்ப ஆரம்பித்திருக்கும், ஆனால் குறைந்த அளவில். 28ஆம் நாள் போடும் இரண்டாவது டோஸில்தான் அது நன்றாக ஏறும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழிந்தால் முழுப் பலன் என்று கணக்கு. அதுவரை ஆய்வுக்கூடத்தில் ஊசி முனை, கண்ணாடித் துண்டு விஷயங்களில் இரட்டிப்புக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். வாக்சினியாவோடு மட்டும் வேலை என்றால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஊக்க டோஸ் போதும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். குரங்கம்மை வைரஸைக் கையாளப் போனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஆய்வு மாறினால் இது மாறும் என்பதை அவள் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத் தலைவர் மாதிரிச் சிறுவயதில் குத்திக்கொண்டவர்களுக்கு இதே ஊசியின் ஒரு டோஸே, பழைய நினைவைத் தட்டி எழுப்பி, ஆன்டிபாடியை வேகமாக ஏற்றிவிடும். ஐரோப்பாவில் அவர்களுக்கு ஒரு டோஸ் என்றே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். 2022இல் நெதர்லாந்தில் பார்த்தபோதும், குரங்கம்மை வைரஸை முடக்கும் ஆன்டிபாடி, சிறுவயதில் அம்மை குத்திக்கொண்டவர்களிடம் கூடுதலாகவும், புதிதாக இரண்டு டோஸ் போட்ட இளையவர்களிடம் குறைவாகவும் இருந்தது. உங்கள் கைத்தழும்புக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது, ஐயா.

உங்களுக்கு ஊசி வேண்டுமா? வேண்டாம். பெரியம்மை இப்போது உலகில் இல்லை. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில். உலகில் இயற்கையாக வந்த கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில். குரங்கம்மை, நெருங்கிய உடல் தொடர்பில் பரவுவது. பெரும்பாலான நாடுகளில் அபாயத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே இந்த ஊசி. மகளைப் பார்க்க அமெரிக்கா போவது மட்டும் அந்த அபாயத்தில் சேராது. உங்களுக்குள் மிச்சமிருப்பது சும்மா இல்லை என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2003இல் ஆப்பிரிக்காவிலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டுபோன எலியினங்கள் வழியாக அமெரிக்காவில் குரங்கம்மை பரவியது. அப்போது தொற்றியவர்களின் ரத்தத்தைப் பார்த்த ஆய்வாளர்கள், தொற்று வந்ததே தெரியாமல் இருந்த மூன்று பேரைக் கண்டுபிடித்தார்கள். மூவரும் அதற்கு 13, 29, 48 ஆண்டுகளுக்கு முன் அம்மை குத்திக்கொண்டவர்கள். அதற்காகக் கவசம் என்று நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. 1980களில் காங்கோவில் கண்ட கணக்கில்கூடக் குரங்கம்மையிலிருந்து காப்பு 85 சதவீத அளவில்தான். அதுவும் குத்தி அதிக ஆண்டு ஆகாதவர்களிடம். குரங்கம்மை வந்தவரோடு எப்போதாவது நெருங்கிப் பழக நேர்ந்தால், உடனே மருத்துவரைப் பாருங்கள். தொடர்பு ஏற்பட்ட நான்கு நாளுக்குள் ஊசி போட்டால் நோயையே தடுக்க வாய்ப்புண்டு. நோய்க்கிருமி உள்ளே ஊறிப் பெருக ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது, ஊசி அதை முந்திக்கொள்ளும். பழைய நினைவுள்ள உங்கள் உடல் இன்னும் வேகமாக முந்தும்.

கடைசியாக உங்கள் தம்பி. 1982இல் பிறந்தவருக்கு அம்மை குத்தியிருக்க மாட்டார்கள். பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார மாநாடு 1980 மே 8ஆம் தேதி அறிவித்துவிட்டது. அவர் கையில் இருப்பது காசநோய்க்கான பிசிஜி தழும்பாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் இடது மேல்கையில்தான் போடுவார்கள். பொதுவாகச் சின்னதாக, உருண்டையாக இருக்கும். உங்களுடையதோ அகலமாக, குழிகளோடு, விளிம்பு ஒழுங்கில்லாமல் இருக்கும். தீபாவளிக்கு வரும்போது இருவரும் கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும். பிசிஜிக்கும் அம்மை வைரஸுக்கும் சம்பந்தம் இல்லை. அதனால் அவருக்கு இதில் காப்பு இல்லை, இப்போதைக்கு அவர் எதுவும் போட்டுக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. எப்போதாவது ஒரு மருத்துவர் "அம்மை குத்தியிருக்கிறதா?" என்று கேட்டால், தழும்பைக் காட்டாமல் பிறந்த வருடத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.